மொட்டை மாடியில் ஒரு கம்பி: வீட்டிலேயே வானொலி ஆன்டெனா செய்யலாம்

(மந்தைவெளியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஒன்றில், முப்பது ஆண்டுகள் வானொலி, டி.வி. பழுதுபார்த்த ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு சின்ன வேலை. உங்க போனை வெளியே எடுங்க. மேல் ஓரத்துல சிக்னல் கோடு எத்தனை நிக்குதுன்னு பாருங்க. நாலு இருக்கும், சிலருக்கு அஞ்சு இருக்கும். கரண்ட் பில், சொத்து வரி, சாதிச் சான்றிதழ், பால் கணக்கு எல்லாமே இன்னைக்கு அந்தக் கோட்டை நம்பித்தான் நடக்குது. நானும் அப்படித்தான். ரேஷன் கடை திறந்திருக்கான்னுகூட போன்லதான் பார்க்கிறேன்.

அந்தக் கோடு ஒண்ணுகூட இல்லாத ராத்திரி ஒண்ணை நான் பார்த்திருக்கேன். இங்க இருக்கிற பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. 2015 டிசம்பர் 1. அன்னைக்கு நான் கோட்டூர்புரத்துல என் தங்கை வீட்டுல இருந்தேன். இரண்டாவது மாடி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை தாண்டி உள்ளே வந்தது. தரைத்தள வீட்டுக்காரங்க எல்லாம் மாடிப்படியில உட்கார்ந்திருந்தாங்க. கரண்ட் இல்லை. போன் டவருக்கும் கரண்ட் வேணுமே, டீசல் தீர்ந்ததும் அதுவும் போச்சு. பேப்பர் படிக்கலாம்னா அதுவும் இல்லை. 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழே மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

தகவல் இல்லாத இடத்துல வதந்தி வந்து உட்கார்ந்துக்கும். சிக்னல் போறதுக்கு முன்னாடி கடைசியா வந்த வாட்ஸ்அப்ல 'ஏரி உடைஞ்சிருச்சு'ன்னு யாரோ அனுப்பியிருந்தாங்க. மூணாவது மாடியில இருந்த ஒரு தம்பி, எண்பது வயசு அம்மாவைத் தூக்கிக்கிட்டு இருட்டுல இடுப்பளவு தண்ணியில இறங்கப் போறேன்னு நின்னான். வேண்டாம்னு சொல்றேன். ஏன் வேண்டாம்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை.

என் பையில ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. தொழில் அப்படி, எங்க போனாலும் ஒண்ணு கூட வரும். போட்டா 'உஸ்ஸ்'ன்னு இரைச்சல் மட்டும்தான். சுத்தி கான்கிரீட், ஜன்னல் பூரா இரும்பு கிரில். அப்பதான் டி.வி. பின்னாடி தொங்கின கேபிள் ஒயர் கண்ணுல பட்டது. கேபிள் டி.வி. செத்துப் போச்சு, ஒயர் சும்மாதான் இருக்கு. சமையலறைக் கத்தியால தோலைச் சீவி, உள்ளே இருக்கிற கம்பியில ஒரு ஒயரையும், மேலே சுத்தியிருக்கிற வலையில இன்னொரு ஒயரையும் முறுக்கி, ரெண்டையும் எதிரெதிர் திசையில நீட்டி பால்கனிக் கொடியில துணி கிளிப்பால மாட்டினேன். மறுமுனையை ரேடியோ ஏரியலில் சுத்தினேன். ஆகாசவாணி வந்தது. எந்தப் பாலத்துல போக்குவரத்து நிறுத்தியிருக்காங்க, முகாம் எங்கே இருக்கு, எந்த நம்பருக்குச் சொல்லணும்னு ஒரு குரல் நிதானமாச் சொல்லிக்கிட்டு இருந்தது. அந்தத் தம்பி படியிலேயே உட்கார்ந்துட்டான். காலையில படகு வந்து அம்மாவை இறக்கினாங்க.

அந்தக் கம்பியைத்தான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லித் தரப் போறேன். இந்த முறை கத்தியால இல்லாம ஒழுங்கா.

ஆன்டெனான்னா என்ன? சரியான நீளத்துக்கு வெட்டின கம்பி. அவ்வளவுதான். உங்க போன்ல எஃப்எம் இருந்தா, ஒயர் இயர்போன் குத்தினாத்தான் அது பாடும், கவனிச்சிருக்கீங்களா? அந்த இயர்போன் ஒயர்தான் அங்க ஆன்டெனா. ப்ளூடூத் இயர்போன் காதுல வச்சிக்கிட்டு 'எஃப்எம் வரலையே சார்'னு கேட்டா, வராது. பேரிடர் காலத்துல உதவும்ங்கிற காரணத்துக்காகவே, போனில் எஃப்எம் வசதியை முடக்கி வைக்கக் கூடாதுன்னு 2023-ல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. எஃப்எம்முக்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் உங்க போன்ல அந்த ஆப் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. பழைய ஒயர் இயர்போனைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

நம்ம ஊருக்கு இந்தக் கம்பி புதுசில்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பம். இந்தியாவில் அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறக்காத காலம். 40 வாட் டிரான்ஸ்மிட்டர், இன்னைக்கு ஒரு குண்டு பல்பு எரியற சக்தி. பணம் இல்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது; ரேடியோ வாங்க முடியாதவர்கள் கேட்க மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். குடிமக்கள் சேவைன்னு இப்ப நாம சொல்றோமே, அதுதான். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. நாட்டின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் தொடங்கியதும் சென்னையில்தான். மயிலாப்பூர் காமராஜர் சாலையில் வானொலி நிலையத்தை தினமும் தாண்டிப் போறீங்க, ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.

எங்க தலைமுறைக்கு இலங்கை வானொலி கேட்கறதுக்காக ரெண்டு மாடிக்கு நடுவுல செம்புக் கம்பி கட்டின பழக்கம் உண்டு. அப்புறம் டி.வி. வந்தது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி. மாடி மாடியா மீன் முள் மாதிரி ஆன்டெனா. ஒருத்தர் மேலே குழாயைத் திருப்ப, ஒருத்தர் படியில நிக்க, ஒருத்தர் கீழே இருந்து 'தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு'ன்னு கத்த. இருபது வயசுப் பிள்ளைங்க சிரிக்கறீங்க. உங்க தாத்தாவைக் கேளுங்க.

சரி, வேலைக்கு வருவோம்.

வேணுங்கற பொருள்: வீட்டு ஒயரிங்குக்குப் போடற ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ரெண்டு மீட்டர். மின்சார வேலைக்கான பிவிசி பைப் ஒன்றரை மீட்டர். எலெக்ட்ரீஷியன் கிட்ட கேட்டா கிடைக்கிற ஸ்க்ரூ போட்ட பிளாஸ்டிக் கனெக்டர், ரெண்டு ஓட்டை உள்ளது. இன்சுலேஷன் டேப். எம்-சீல். பழைய கேபிள் டி.வி. ஒயர். ரிச்சி தெருவுக்குப் போனா எல்லாம் ஒரே சந்துல முடிஞ்சிடும். கேபிள் ஒயரை மட்டும் காசு கொடுத்து வாங்காதீங்க. உங்க மாடியிலேயே டிஷ் வந்தப்புறம் அறுத்துப் போட்டது பத்து மீட்டர் சுருண்டு கிடக்கும். மேல் தோல் வெடிச்சிருக்கக் கூடாது, அதை மட்டும் பாருங்க.

அந்தக் கேபிள் ஒயர் ஓசிங்கறதுக்காக மட்டும் சொல்லலை. நடுவில் வெட்டி இரண்டு கைகளாக நீட்டிய கம்பிக்கு 'டைபோல்' என்று பெயர். அதன் நடுவில் மின்தடை ஏறக்குறைய 73 ஓம். கேபிள் டி.வி. ஒயர் 75 ஓமுக்காகவே செய்யப்பட்டது. ஒரே அளவு குழாயை ஒரே அளவு குழாயோட சேர்த்த மாதிரி, தண்ணி திரும்பி அடிக்காது. இவ்வளவு பொருத்தமா ஓசியில வேற எது கிடைக்கும்?

இப்ப நீளம். ஒரு கணக்கு மட்டும் மனசுல வைங்க: 7,125. இதை உங்களுக்கு வேணுங்கற மெகாஹெர்ட்ஸ் எண்ணால வகுத்தா, ஒரு கையோட நீளம் சென்டிமீட்டர்ல வரும். அலை காத்துல போற நீளத்துல கால் பங்கு. கம்பியில போகும்போது கொஞ்சம் குறையறதால நூத்துக்கு அஞ்சு கழிச்சாச்சு. ஆகாசவாணி எஃப்எம் ரெயின்போ 101.4. போன் கால்குலேட்டர்ல போடுங்க. எழுபது வருதா? அண்ணா பல்கலைக்கழகம் 2004 முதல் நடத்தும் அண்ணா எஃப்எம் 90.4. அதுக்கு 79. எல்லா நிலையமும் வேணும்னா 73 வைங்க. ரெண்டு மூணு சென்டிமீட்டர் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் கெட்டுப் போகாது. கேட்கத்தானே போறோம், பேசப் போறது இல்லையே.

ஒயரை ரெண்டு துண்டா வெட்டுங்க, ஒவ்வொண்ணும் 75 சென்டிமீட்டர். ரெண்டு சென்டிமீட்டர் கனெக்டருக்குள்ள போகும். பைப் நடுவுல கனெக்டரை டேப் போட்டு இறுக்குங்க. ஒரு ஒயர் இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம், பைப்போடவே படுத்த மாதிரி நாலஞ்சு இடத்துல கட்டுங்க. ஒயரோட பிளாஸ்டிக் தோலை உரிக்க வேண்டாம், கனெக்டருக்குள்ள போற நுனியை மட்டும் உரிச்சா போதும். ரெண்டு ஒயரும் நடுவுல ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது.

கேபிள் ஒயரை எடுங்க. மேல் தோலை மூணு சென்டிமீட்டர் சீவினா வெள்ளி நிறத்துல வலையும் தாளும் இருக்கும். வலையைப் பிரிச்சு ஒரு பக்கமா முறுக்குங்க. உள்ளே வெள்ளை நுரை, அதுக்குள்ள ஒரே கம்பி. கம்பி கனெக்டரோட ஒரு ஓட்டைக்கு, முறுக்கின வலை இன்னொரு ஓட்டைக்கு. வலையோட ஒரு மயிரிழை நடுக் கம்பியில பட்டாலும் ரேடியோ ஊமைதான், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க. சிலர் சால்டரிங் அயர்னை எடுத்துக்கிட்டு வருவாங்க. இந்த வலை பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. ஸ்க்ரூதான் சரி. கனெக்டருக்குப் பக்கத்துலயே கேபிளை ஒரு சாண் அகலத்துக்கு அஞ்சாறு சுத்து சுருட்டி டேப் போட்டுடுங்க. வீட்டுக்குள்ள இருக்கிற இரைச்சல் கேபிளோட வெளித்தோல் வழியா ஏறி வராம அது தடுக்கும்.

ரேடியோ பக்கம்: நடுக் கம்பியை ஒரு முதலை கிளிப்பால ரேடியோவோட இழுக்கிற ஏரியல்ல மாட்டுங்க. வலையை பேட்டரிப் பெட்டியோட மைனஸ் ஸ்பிரிங்கில் தொடுங்க. வெளி ஆன்டெனாவுக்குத் துளை இருக்கிற ரேடியோன்னா இன்னும் நல்லது. பேட்டரியில ஓடற சின்ன ரேடியோவோட மட்டும் இதைச் செய்யுங்க. பிளக்கில் குத்தி ஓடற பழைய செட்டோட உள்பாகத்துல கை வைக்காதீங்க. போனிலயும் நேரா இணைக்காதீங்க. போனுக்கு இயர்போன் ஒயரை நேரா நீட்டி ஜன்னல் ஓரம் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

இதைத்தான் நான் மாடியில கட்டினேன், 2016 ஜூன்ல. பெருமையா எல்லாரையும் கூட்டிக் காட்டினேன். டிசம்பர் 12-ல் வர்தா புயல். கரண்ட் போச்சு, போன் போச்சு, ஓடிப்போய் ரேடியோவைப் போடறேன்... இரைச்சல். கம்பம் சாயலை, ஒயர் அறுகலை. மறுநாள் ஏறிப் பார்த்தா, கனெக்டருக்குள்ள பச்சைப் பாசி மாதிரி களிம்பு. கேபிள் நுனியை நான் மூடலை. 'டேப் சுத்தியிருக்கே, போதும்'னு விட்டேன். முப்பது வருஷம் அடுத்தவங்க செட்டுல இதே தப்பைக் கண்டுபிடிச்சுக் காசு வாங்கினவன் நான்! கடல் பக்கத்துல இருக்கிறோம். சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் ஜன்னல் கிரிலைப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கும். உப்புக் காத்து செம்பைத் தின்னும், அலுமினியத்தை அதைவிட வேகமாத் தின்னும். அதனால எம்-சீலைப் பிசைஞ்சு கனெக்டரையும் கேபிள் நுனியையும் முழுசா மூடுங்க. கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல ஒரு தொங்கல் விடுங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும். ஐப்பசி பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பாருங்க. புயல் அன்னைக்கு சோதனை பண்ணாதீங்க.

எங்கே வைக்கறது? எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டுல வரும், அதனால உயரம்தான் ராஜா. தி.நகர்ல பாண்டி பஜார் பக்கம் முதல் மாடியில இருக்கிறவர் நாலு பக்கமும் பெரிய கட்டடத்துக்கு நடுவுல இருக்கார். அவருக்கு மாடியில ரெண்டு மீட்டர் கம்பம் பெரிய வித்தியாசம் காட்டும். மயிலாப்பூர், சேப்பாக்கம் பக்கம் இருக்கிறவங்களுக்கு சிக்னல் ஏற்கெனவே பலமா இருக்கும். மலிவான ரேடியோவுக்கு அதுக்கு மேலயும் பெரிய ஆன்டெனா கொடுத்தா ஒரு நிலையத்துக்குள்ள இன்னொண்ணு கலந்து கேட்கும். குழம்புல உப்பு கூடின கதைதான். அவங்க வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாம்.

பைப்பைப் படுக்க வச்சும் பாருங்க, நிக்க வச்சும் பாருங்க, மெதுவாத் திருப்பியும் பாருங்க. எதுல தெளிவா வருதோ அதுதான் உங்க இடத்துக்குச் சரி, புத்தகத்தை நம்பாதீங்க. இரும்புக் கொடிக்கம்பி, கிரில், தண்ணீர்க் குழாய் இதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைங்க. வீட்டுல எல்.இ.டி. பல்ப், இன்வெர்ட்டர், போன் சார்ஜர் ஓடும்போது 'கர்ர்'னு வந்தா ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க, குற்றவாளி மாட்டுவான். என் வீட்டுல அது பூஜையறை சீரியல் லைட்.

அடையாறுல ஒரு அம்மா கேட்டாங்க, 'மீடியம் வேவ் 720-க்கும் இதே மாதிரி பண்ணலாமா?' கணக்குப் போட்டுப் பாருங்க. 720 கிலோஹெர்ட்ஸ் அலையோட முழு நீளம் நானூறு மீட்டருக்கு மேல. கால் பங்கே நூறு மீட்டர். எந்த மாடியில கட்டறது? அதனாலதான் அந்த ரேடியோவுக்குள்ள கறுப்பா ஒரு ஃபெரைட் குச்சியில நூல் மாதிரி ஒயர் சுத்தி வச்சிருக்காங்க. அதுக்கு நீங்க செய்ய வேண்டியது ரேடியோவையே கையில பிடிச்சுத் திருப்பறது மட்டும்தான்.

அடுத்ததைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, இது உயிர் விஷயம். தெருவுல மின்கம்பி மேலே போகுதுன்னா, உங்க கம்பம் எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் அதைத் தொடாத தூரத்துல இருக்கணும். கம்ப உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி வச்சா நிம்மதி. இரும்புக் குழாய் வேண்டாம், பிவிசி அல்லது காய்ஞ்ச மூங்கில் போதும். மழை நாளில் கட்டாதீங்க, தனியா ஏறாதீங்க, கைப்பிடிச் சுவர் மேல நிக்காதீங்க. அறுந்து விழுந்த மின்கம்பியைப் பார்த்தா கிட்டப் போகாம மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்க. அடுக்குமாடின்னா சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டுங்க. நாளைக்கு தண்ணீர் டேங்க் கழுவ வர்றவர் கால் தடுக்கி விழக் கூடாது.

இடி? மேகம் திரளும்போதே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுடுங்க. இடி இடிக்க ஆரம்பிச்சப்புறம் கேபிளைத் தொடவே தொடாதீங்க, மாடிக்கும் போகாதீங்க. 'அப்ப புயல் ராத்திரியில எதுக்கு சார் உங்க ஆன்டெனா?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் ரெண்டு செய்யச் சொல்றேன். மாடியில ஒண்ணு. வீட்டுக்குள்ள ஒண்ணு, பைப்பே இல்லாம, ரெண்டு ஒயரையும் மரக் கதவுச் சட்டத்துல டேப் போட்டு ஒட்டினது. புயல் அறிவிப்பு வந்ததும் மாடிக் கம்பத்தை இறக்கிப் படுக்க வச்சிடுங்க. ராத்திரி உள்ளே இருக்கிறது பேசும். காத்து அடங்கி, தண்ணி மட்டும் நிக்கிற அடுத்த மூணு நாள் மேலே இருக்கிறது பேசும். 2015-லயும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம்லயும் சரி, மழை நின்னப்புறம்தான் நம்மை வாட்டினது அந்த நாட்கள்.

ஸ்கேனர் பத்தி ரெண்டு பேர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஸ்கேனர்ங்கறது வரிசையா ஒவ்வொரு அலைவரிசையா ஓடி, எங்கே பேச்சு கேட்குதோ அங்க நிக்கிற ரேடியோ. பென்டிரைவ் மாதிரி லேப்டாப்புல குத்தறதும் வந்திருக்கு. இதுல சட்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. ஒலிபரப்பு வானொலி கேட்க இன்னைக்கு யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். ஒரு காலத்துல தபால் ஆபீஸ்ல பணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் வாங்கினோம், 1980-களில் அதை எடுத்தாச்சு. ஆனா மற்ற வயர்லெஸ் கருவிகளை வச்சுக்கறதுக்கே அனுமதி வேணும்னு 1933-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வரை சொல்லுது. போலீஸ், விமானம், தீயணைப்பு இவங்க பேச்சை ஒட்டுக் கேட்கறது விளையாட்டு இல்லை. இணையத்துல மலிவா வாக்கி-டாக்கி வருதேன்னு வாங்கிடாதீங்க. அனுமதி விவரம் இல்லாம அதை விற்ற தளங்களுக்கு 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, விதிமுறையும் வெளியிட்டது. லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு விட்டிருக்கிறது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள குறைந்த சக்தி செட்டுகளைத்தான்; அதுவும் அரசு ஒப்புதல் பெற்ற மாடலா இருக்கணும்.

ஆசை இருக்கிறவங்களுக்கு நேர் வழி ஒண்ணு இருக்கு: அமெச்சூர் வானொலி, ஹாம்னு சொல்வோம். 12 வயசு முடிஞ்சா பரீட்சை எழுதலாம். அடிப்படை எலெக்ட்ரானிக்ஸ், விதிமுறை ரெண்டும் படிக்கணும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளம் வழியா விண்ணப்பம். நான் 51 வயசுல எழுதினேன், பக்கத்து பெஞ்சுல பத்தாம் வகுப்புப் பையன். 2004 சுனாமி அன்னைக்கு, ஹாம் வானொலிக்காகவே அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேர்ல இருந்தார். தீவுகளோட மற்ற தொடர்பு அறுந்தப்போ அவரும் அவர் குழுவும் தங்கள் செட்டில் செய்தி அனுப்பினார்கள். உறவுக்காரங்க உயிரோட இருக்காங்களான்னு தெரியாம தவிச்ச குடும்பங்களுக்கு அப்படித்தான் பதில் போனது.

லைசென்ஸ் கையில வந்தப்புறம், நான் சொன்ன அதே 7,125 கணக்குதான். ஹாம்கள் பேசற 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர். இதுக்கு டைபோலைவிடக் குடைக் கம்பி ஆன்டெனா வசதி. உலோக சாக்கெட் ஒண்ணு, எஸ்ஓ-239-ன்னு கேளுங்க, ரிச்சி தெருவுல கொடுப்பாங்க. நடு ஊசியில ஒரு கம்பி நேரா மேலே, 49. நாலு மூலை ஓட்டையில நாலு கம்பி, 51 சென்டிமீட்டர், குடை விரிச்ச மாதிரி நாற்பத்தஞ்சு டிகிரி கீழ்நோக்கி. அப்படிச் சாய்க்கும்போது 50 ஓம் பக்கம் வந்துடும், அதனால இதுக்கு 50 ஓம் கேபிள் போடுங்க, பத்து மீட்டருக்குள்ள. இது நாலு பக்கமும் சமமாக் கேட்கும். கூடுதல் லாபம், 145-ஐ மூணால பெருக்கினா 435. அந்த ஹாம் அலைவரிசையும் இதுலயே ஓரளவு கேட்கும்.

கடைசியா, போனையும் கைவிட்டுடாதீங்க. சிக்னல் இருக்கிற வரைக்கும் அதுதான் வேகம். டிஎன்-அலர்ட் ஆப்பை இப்பவே போட்டு வைங்க. மாநகராட்சி 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டம் 1077. இந்த மூணையும் போன்ல மட்டும் இல்லாம, ஒரு தாள்ல எழுதி ரேடியோ பேட்டரி மூடிக்குப் பின்னாடி ஒட்டி வைங்க. போன்ல சார்ஜ் போனா நம்பரும் சேர்ந்து போயிடும். ரேடியோவுக்கு ரெண்டு ஜோடி பேட்டரி தனியா எடுத்து வைங்க. சும்மா இருக்கும்போது ரேடியோவுக்குள்ள போட்டே வைக்காதீங்க, கசிஞ்சு ஸ்பிரிங்கை அரிச்சிடும்.

கேள்வி இருக்கா? போன்ல இயர்போன் துளையே இல்லையேன்னு பின்னாடி கேட்கறீங்க. அப்ப அந்தப் போனை எஃப்எம்முக்கு நம்பாதீங்க தம்பி, பேட்டரி ரேடியோ ஒண்ணு வாங்கிடுங்க, சில நூறு ரூபாய்தான். ஒயர், பைப், அளவு டேப் எல்லாம் கொண்டு வந்திருக்கேன். கத்தி மறக்கலை. மாடிச் சாவி யார்கிட்ட இருக்கு? வெயில் சாயறதுக்குள்ள ஒண்ணு கட்டிப் பார்த்துடலாம், வாங்க.